கால் நீட்டும் திசை

சிட்லபாக்கத்தில் நாங்கள் வீடு கட்டிக் குடிவந்த காலத்திலிருந்து, கூடத்தில் எந்தப் பொருள் எங்கே இருக்க வேண்டும் என்பதை நான்தான் தீர்மானித்து வந்திருக்கிறேன். தொழில்நுட்பக் கல்லூரி ஒன்றில் பொறியியல் வரைபடம் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். ஒரு மேசையை நகர்த்துவதாக இருந்தாலும் முதலில் தாளில் வரைந்து பார்ப்பது என் வழக்கம். என் மனைவி அந்த வழக்கத்தைக் கேலி செய்வாளே தவிர, ஒருபோதும் மறுத்ததில்லை. ஆகவே சென்ற ஆண்டு மழைக்காலத்துக்குச் சற்று முன்பு அவளுக்காக ஒரு சாய்வு நாற்காலி செய்ய நான் முடிவெடுத்தபோது, அது நிற்க வேண்டிய இடத்தையும் அவளைக் கேளாமலே குறித்துவிட்டேன்.

அவளுடைய கால்கள் வீங்கத் தொடங்கியிருந்தன. மாலையானால் கணுக்கால் எலும்பு இருக்கும் இடம் தெரியாது. கட்டை விரலால் அழுத்தினால் குழி விழுந்து, அது நிரம்ப நெடுநேரம் பிடிக்கும். குரோம்பேட்டையில் நாங்கள் காட்டும் மருத்துவர், காலின் ரத்தக் குழாய்கள் தளர்ந்துவிட்டன, ரத்தம் மேலே ஏறாமல் தேங்குகிறது என்றார். மாத்திரையைவிட முக்கியம், பகலில் சில மணி நேரமாவது முதுகைச் சாய்த்து, காலை உயர்த்தி நீட்டியபடி ஓய்வெடுப்பது. தவறினால் புண் வரும் என்றார். அவள் மரியாதையாகத் தலையசைத்தாள். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியதும் நேரே சமையலறைக்குப் போய்விட்டாள்.

பகலில் கட்டிலில் படுக்க அவள் இசையவில்லை.

"வெயில் இருக்கும்போது படுத்தா, வீட்டுல யாருக்கோ சீக்குன்னு அர்த்தம்" என்றாள்.

"உனக்குத்தானே?"

"எனக்கு என்ன? கால்தான் கொஞ்சம் வீங்கியிருக்கு."

எங்கள் மகள் சிறுசேரிப் பக்கம் ஓர் அடுக்ககத்தின் மேல்மாடியில் இருக்கிறாள். ஒரே பெண். என்னைப் போலவே எதையும் முடிவெடுத்த பிறகுதான் பேசுவாள். தொலைபேசியில் ஒரு நாள் சொன்னாள்: "அப்பா, உங்களைக் குறை சொல்லலை. ஆனா அந்த வீட்டுல இருக்கிற வரைக்கும் அம்மா நின்னுக்கிட்டேதான் இருப்பாங்க. கார்த்திகை முடியட்டும். அதுக்குள்ள வீக்கம் குறையலைன்னா நானே வந்து ரெண்டு பேரையும் கூட்டிட்டு வந்துடறேன். ரூம் ரெடியா இருக்கு."

அவள் சொன்னதில் பிழை ஏதும் இல்லை. நான் "சரிம்மா" என்றேன். என் மனைவி அப்போது துணி மடித்துக்கொண்டிருந்தாள். போனை வைத்த பிறகு, கையிலிருந்த துண்டைப் பார்த்தபடியே, "அவ்வளவு உசரத்துல போய் நான் என்னங்க பண்ணுவேன்? நான் இங்கேயே இருந்துடறேனே" என்றாள். திருமணமான நாளிலிருந்து அவள் என்னிடம் வாய்விட்டுக் கேட்டவை மிகக் குறைவு. இதுவும் துண்டிடம் கேட்டதுதான்.

முதலில் கடைக்குத்தான் போனோம். ஜி.எஸ்.டி. சாலையில் உள்ள பெரிய கடை ஒன்றில் பொத்தானை அழுத்தினால் சாயும் நாற்காலிகள் வரிசையாக இருந்தன. அவள் உயரம் குறைந்தவள். ஒன்றில் உட்கார்ந்ததும் மெத்தைக்குள் முழுதாக அமிழ்ந்தாள்; பாதங்கள் தரையைத் தொடாமல் அந்தரத்தில் தொங்கின. எழ முயன்றாள், முடியவில்லை. கடை ஊழியர்கள் இருவர் ஓடிவந்து ஆளுக்கொரு பக்கம் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார்கள். நல்ல எண்ணத்தில் செய்தார்கள். ஆட்டோவில் திரும்பும்போது, "குழந்தையைத் தூக்குற மாதிரி தூக்கிட்டாங்க. இனிமே கடைக்கெல்லாம் கூப்பிடாதீங்க" என்று சொல்லிவிட்டு, வீடு வரும்வரை வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

அன்று மாலையே வரைபலகையை எடுத்துத் துடைத்தேன்.

அவளை ஸ்டூலில் உட்காரவைத்து அளவெடுத்தேன். குதிகாலிலிருந்து முழங்கால் மடிப்பு வரை உள்ள உயரம்தான் இருக்கையின் உயரம். அதற்காக நான் தரையில் மண்டியிட வேண்டியிருந்தது. அவள் சட்டென்று காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"நீங்க போய் என் காலடியில உட்கார்ந்துக்கிட்டு… டேப்பைக் குடுங்க, நானே அளந்து சொல்றேன்."

"அளக்கிறவரும் அளக்கப்படுறவரும் ஒரே ஆளா இருந்தா பிழை வரும்."

"அப்போ கண்ணை மூடிக்கிட்டு அளங்க."

அளந்து முடித்தேன். கூடத்தையும் அளந்து, மேலிருந்து பார்ப்பதுபோல் ஒரு படம் வரைந்தேன். தெற்கே தெருக்கதவு, கிழக்கே ஜன்னல், ஜன்னலையொட்டி ஒரு செவ்வகம். அந்தச் செவ்வகத்துக்குள் "அலமாரி" என்று எழுதினேன். மேற்குச் சுவரிலிருந்து சற்றுத் தள்ளி, கிழக்குப் பார்த்தபடி நாற்காலி. முதுகு சாய்வதற்கு இடம், மின்விசிறிக்கு நேர் கீழே, சமையலறையில் அடுப்பு எரிவதும் வாசலில் கேட் திறப்பதும் உட்கார்ந்த இடத்திலிருந்தே தெரியும். அவள் எழுந்து ஓடுவதற்கான காரணங்கள் ஒவ்வொன்றையும் நான் கணக்கில் எடுத்திருந்தேன். அந்தப் படம் இன்றும் எனக்குக் குறை காண முடியாததாகவே தோன்றுகிறது.

மரத்தைத் தாம்பரத்தில் வாங்கினேன். கடையிலேயே அறுத்து இழைத்துக் கொடுத்தார்கள். வண்டியில் ஏற்றிய தொழிலாளி கட்டைகளை ஒருமுறை பார்த்தார்.

"இன்னா சார், கட்டில் போடப் போறீங்களா?"

"நாற்காலி."

"நாற்காலிக்கு இம்மாம் மரமா? அதுல யான குந்தப் போவுதா?"

என் மனைவி சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். அவர் சொன்னதால் விறைப்பாக வண்டியில் ஏறிக்கொண்டேன்.

வீட்டின் பக்கவாட்டில், மதிலோரம் வேலை நடந்தது. தேக்கு நல்ல மரம். உளி அதில் வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கும் என்று யாரோ சொல்லக் கேட்டிருந்தேன். என் உளி அப்படி இறங்கவில்லை. முதுகுச் சாய்மானத்தைத் தாங்கும் தண்டு விழுவதற்காக இரு பின்சட்டங்களிலும் பல் பல்லாக வெட்ட வேண்டும். அந்தப் பற்கள் இரு பக்கமும் ஒரே உயரத்தில் அமைந்தால்தான் முதுகு நேராகச் சாயும். முதல் சட்டத்தில் அவை அமையவில்லை. அதைக் கோணியில் சுற்றி மாடிப்படிக்கு அடியில் வைத்துவிட்டு வேறொன்று வெட்டினேன். மறுநாள் பார்த்தால், அந்தச் சட்டம் வாசல் செம்பருத்திக்கு முட்டுக் கட்டையாக நின்றுகொண்டிருந்தது, பற்கள் தெருவைப் பார்த்தபடி.

பக்கத்து வீட்டுக்காரர் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். ஏரிக்கரையில் காலை நடைக்கு வரும் எங்கள் கூட்டத்தில் ஒருவர். மதிலுக்கு மேலே அவருடைய தலை மட்டும் தெரியும்.

"சார், நானும் நாலு நாளா பார்க்கறேன். மீனம்பாக்கம் ஏர்போர்ட்டுக்குப் போட்டியா ஏதாவது பறக்க விடப் போறீங்களா?"

"சாய்வு நாற்காலி."

"அதானே பார்த்தேன். ரிட்டயர்டு மனுஷனுக்கு வேற என்ன வேணும்? நல்லா சாஞ்சுக்கிட்டுப் பேப்பர் படிங்க."

மறுநாள் நடைக்குப் போனபோது எல்லாருக்கும் செய்தி தெரிந்திருந்தது. நாற்காலி யாருக்கு என்று எவரும் கேட்கவில்லை. நானாகவும் சொல்லவில்லை. மனைவியின் கால் வீக்கம் ஏரிக்கரையில் பேசப்பட வேண்டிய பொருளன்று என்பது என் எண்ணம்.

இருக்கைக்கும் முதுகுக்கும் கட்டில் நாடா போட்டோம். நான் இழுத்துப் பின்னியது தளர்வாக இருக்கிறது என்று அவள் நாடாவைப் பிடுங்கிக்கொண்டாள். நான் சட்டத்தைப் பிடித்துக்கொள்ள, அவள் ஒரு காலைச் சட்டத்தில் உதைத்து இழுத்துக் கட்டினாள். அந்த வேகத்தைப் பார்த்தால் அவளுக்கு நோய் என்று யாரும் நம்பமாட்டார்கள். கால் வைக்கும் பலகை இருக்கைக்கு அடியில் மேசை இழுப்பறையைப் போல ஓடியது. வெளியே இழுத்து, கீழே ஒரு கட்டையை நிமிர்த்தினால் மேல்நோக்கி நின்றுவிடும். கைப்பிடிகளைச் சற்று முன்னே நீட்டியிருந்தேன், ஊன்றி எழுவதற்கு. யார் கையும் அவளுக்கு வேண்டியிருக்கக் கூடாது என்பதே அந்த நாற்காலியின் நோக்கம்.

வார்னிஷ் காய்ந்ததும் கூடத்தில், நான் குறித்த இடத்தில் வைத்தோம். அவள் உட்கார்ந்தாள். பாதங்கள் தரையில் பொருந்தின. கைப்பிடிகளை ஊன்றித் தானாகவே எழுந்தாள். மறுபடி உட்கார்ந்தாள். மறுபடி எழுந்தாள். "அளவு ஜாக்கெட் மாதிரி இருக்குங்க" என்றாள். எனக்கு வந்த பாராட்டுகளில் அதை உயர்வானதாகவே வைத்திருக்கிறேன்.

ஆனால் வீக்கம் குறையவில்லை.

தினமும் சாப்பிட்ட பிறகு நாற்காலியில் உட்காரத்தான் செய்தாள். நான் உள்ளறைக்குப் போய்ப் படிப்பேன். மாலையில் வந்து பார்த்தால் கால் முன்பிருந்ததுபோலவே பளபளவென்று உப்பியிருக்கும். முதுகின் சாய்வைக் கூட்டினேன். கால் பலகையை மேலும் உயர்த்தினேன். மேலே ஒரு மெத்தை தைக்கச் சொன்னேன். "இப்போ எப்படி இருக்கு?" என்று கேட்டால், "ரொம்ப நல்லா இருக்கு" என்பாள். கார்த்திகை பாதிக்கு மேல் போய்விட்டது. மகள் போனில் அறைக்குத் திரை வாங்கியதைப் பற்றிப் பேசினாள். அம்மாவுக்குப் பிடித்த பச்சை நிறத்திலாம். என் மனைவி, "நல்லது, நல்லது" என்றாள். அன்றிரவு அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

மறுநாள் மூக்குக்கண்ணாடியைத் தேடிக் கூடத்துக்கு வந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். அவள் நாற்காலியில் சாய்ந்து தூங்கியிருந்தாள். முதுகு நான் வரைந்தபடி இருந்தது. ஆனால் இடுப்புக்குக் கீழே உடல் முழுவதும் ஒரு பக்கமாக முறுக்கியிருந்தது. கால்கள் பலகையில் இல்லை. முழங்கால்களை மடக்கிச் சமையலறைப் பக்கம் திருப்பி, கைப்பிடிக்கும் இருக்கைக்கும் நடுவே செருகிவைத்திருந்தாள். பாதங்களைப் புடவைத் தலைப்பால் மூடியிருந்தாள். எந்த மனிதரும் விருப்பத்தோடு அப்படித் தூங்கமாட்டார்.

காலடி ஓசையில் விழித்துக்கொண்டாள்.

"ஏன் இப்படிக் கோணிக்கிட்டுப் படுத்திருக்கே?"

"சும்மாதான். இப்படித்தான் சௌகரியம்."

கால் பலகை வெறுமையாக நீண்டிருந்தது. அது காட்டிய திசையில் நானும் பார்த்தேன். நேரெதிரே ஜன்னலையொட்டிய அலமாரி. அதற்குள் முருகனும், லட்சுமியும், சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து அவள் வாங்கிவந்த நரசிம்மர் படமும், காலையில் அவள் ஏற்றிய விளக்கும். என் படத்தில் நான் வெறும் செவ்வகமாக வரைந்து வைத்தது அதைத்தான்.

"ஏன் சொல்லலை?"

"இவ்வளவு கஷ்டப்பட்டுச் செஞ்சிருக்கீங்க. எப்படிச் சொல்றது?"

கடவுளைப் பற்றி நான் யாரோடும் வாதம் செய்வதில்லை. அன்று செய்தேன். "சாமி ஒண்ணும் நினைக்காது" என்றேன்.

"அது நினைக்காது. எனக்கு நினைப்பு வருமே."

"அலமாரிக் கதவைச் சாத்திட்டா?"

"சாத்தினா உள்ள இல்லாம போயிடுவாரா?"

"அலமாரியையே நகர்த்திடலாம்."

"நல்லா இருக்கே! என் கால் நீட்ட, சாமியை எழுந்து போகச் சொல்றதா?"

சரி, நாற்காலியைத் திருப்புவோம் என்றேன். தெற்கே திருப்பினால் தெரு. கதவு திறந்திருந்தால் போகிறவர் வருகிறவர் எல்லாரையும் நோக்கிக் காலை நீட்டியிருப்பாள். அதை அவள் சொல்வதற்கு முன்பே என் மனமே மறுத்துவிட்டது. மேற்குச் சுவரில் என் தாய் தந்தையர் படங்கள். நான் வடக்கைக் காட்டியபோது அவள் சிரித்தேவிட்டாள். அங்கே, சமையலறைக் கதவையொட்டி, என் புத்தக அடுக்கு.

"புத்தகத்துக்கு நேரா நீட்டச் சொல்றீங்களே, நீங்க வாத்தியார்தானே?"

படுக்கையறையில் கட்டிலுக்குப் பக்கத்தில் இடமில்லை. இருந்தாலும் அங்கே போய்ப் பகலில் கிடக்க மாட்டாள். நான்கு திசைகளிலும் வணக்கத்துக்குரியது ஏதாவது ஒன்று நின்றுகொண்டிருந்தது. நாங்கள் இருவரும் சேர்ந்துதான் அப்படி வைத்திருக்கிறோம்.

வாதத்தைத் தொடர்வதற்காகவே நான் மேசையடியிலிருந்த என் நாற்காலியை இழுத்துவந்து அவளுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தேன். என் முதுகு அலமாரிப் பக்கம் இருந்தது. உட்கார்ந்த பிறகுதான் அது எனக்கே விளங்கியது.

"இப்போ நடுவுல நான் இருக்கேன்" என்றேன். "நீ நீட்டினா என் பக்கம்தான். அவருக்கு இல்லை."

அவள் முகம் மாறியது. "உங்க பக்கமா? அது மட்டும் சரியா?"

"சாமிக்கு நீட்டறதைவிடக் குறைச்சல்தானே?"

"ஏங்க, யாராவது பார்த்தா என்ன நினைப்பாங்க?"

நான் எழுந்துபோய்த் தெருக்கதவைத் தாழிட்டேன். ஜன்னல் திரையை இழுத்துவிட்டேன். திரும்பி வந்து உட்கார்ந்தபோது அவள் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

"ஊருக்குப் பயப்படறது நானா, நீங்களா?"

அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டு முதலில் ஒரு காலை நீட்டினாள். சற்றுப் பொறுத்து மற்றொன்றை. குதிகால் என் முழங்காலில் பட்டுவிட்டது. உடனே நிமிர்ந்து, குனிந்து, என் முழங்காலைத் தொட்டுத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மீண்டும் சாய்ந்தாள். மீண்டும் பட்டது, மீண்டும் எழுந்து கண்ணில் ஒற்றினாள்.

"ஒவ்வொரு தடவையும் இப்படி எழுந்தா, நான் எதுக்கு நாற்காலி செஞ்சேன்?" என்றேன்.

"பழக்கமாகட்டும், இருங்க" என்றாள்.

பழக்கமாயிற்று. தினமும் மதியம் கதவைத் தாழிட்டு, திரையை இழுத்துவிட்டு எதிரே உட்காருவேன். செய்தித்தாளை வாசித்துக் காட்டுவேன். இரண்டாம் பக்கம் வருவதற்குள் தூங்கிவிடுவாள். நான் நகர முடியாது. நகர்ந்தால் அவள் கால்கள் எதை நோக்கியிருக்கும் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். குடியிருப்போர் சங்கக் கூட்டத்துக்குக்கூடப் போகவில்லை; வேறு வேலை இருப்பதாகச் சொல்லியனுப்பினேன். வேலைதான் அது. இத்தனை ஆண்டுகளில் நான் அவளுடைய உள்ளங்கால்களைப் பார்த்ததே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. குதிகால் முழுவதும் ஏரி வறண்டு வெடித்ததைப் போன்ற கோடுகள். வலது காலின் சுண்டுவிரல் பக்கத்து விரலின் மேல் ஏறிக் கிடக்கும். அது பிறவியிலேயே அப்படியா, இந்த வீட்டில் நடந்து நடந்து அப்படி ஆனதா என்று அவள் விழித்ததும் கேட்க நினைத்து, கேட்காமல் விட்டேன்.

கார்த்திகை கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் மின்சாரம் போயிற்று. விசிறி நின்றதும் அவள் கழுத்தில் வியர்வை துளிர்த்தது, விழித்துவிடுவாள் போலிருந்தது. எழுந்து கதவைத் திறந்து, திரையையும் விலக்கிவிட்டு விரைவாகத் திரும்பி வந்து உட்கார்ந்தேன். காற்று வந்தது. அவள் தூங்கினாள். நானும் சற்றே கண்ணயர்ந்திருக்க வேண்டும். வாசலில் கார் வந்து நின்றதை இருவருமே கேட்கவில்லை.

"அத்தை!" என்ற குரலில்தான் விழித்தேன். மருமகன் வாசற்படியில் நின்றிருந்தார். அவருக்குப் பின்னால் மகள். அவள் கையில் சக்கரம் வைத்த பெரிய பெட்டி. தரையில் வைத்தபோது எழுந்த சத்தத்திலிருந்தே உள்ளே ஒன்றுமில்லை என்று தெரிந்தது.

மருமகன் வரும்போது என் மனைவி ஒருநாளும் உட்கார்ந்திருந்ததில்லை. பதறிக் காலை இழுத்தாள். நான் கை நீட்டி அவளுடைய இரு கணுக்கால்களையும் பிடித்துப் பலகையோடு சேர்த்து வைத்தேன்.

"இரு" என்றேன்.

பிறர் முன்னிலையில் நான் அவளைத் தொட்டது அதற்கு முன் எங்கள் திருமண மேடையில்தான். கையை எடுக்கவில்லை. மகள் அசையாமல் நின்றாள். மருமகன் நல்ல பிள்ளை. எங்கே பார்ப்பது என்று தெரியாமல் ஒரு கணம் திகைத்தவர், சட்டென்று குனிந்து நாற்காலியின் அடிப்பக்கத்தை ஆராயத் தொடங்கினார்.

"மாமா, இது தேக்குங்களா?"

"தேக்குதான். பின்னாடி தண்டு மட்டும் வேங்கை."

"ஜாயின்ட்டெல்லாம் சூப்பரா இருக்கு, மாமா."

மகள் வந்து தரையில் உட்கார்ந்தாள். என் கையை மெதுவாக நகர்த்திவிட்டு, கட்டை விரலால் அம்மாவின் காலை அழுத்திப் பார்த்தாள். கணுக்கால் எலும்பின் வட்டம் தெளிவாகத் தெரிந்தது. இன்னொரு இடத்தில் அழுத்தினாள்.

"எவ்வளவு நாளா இப்படி?" என்று கேட்டாள். காலைப் பற்றிக் கேட்கிறாளா, நாங்கள் உட்கார்ந்திருப்பதைப் பற்றிக் கேட்கிறாளா என்று தெரியவில்லை.

"அப்பாவை ஒண்ணும் சொல்லாதே" என்றாள் என் மனைவி. "நான் வேண்டாம்னுதான் சொன்னேன்."

"நான் என்னம்மா சொல்லப் போறேன்?" மகள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, இன்னும் நாற்காலிக்கு அடியிலேயே இருந்த தன் கணவரிடம், "ஏங்க, அந்தப் பெட்டியை வண்டியிலேயே வெச்சுட்டு வந்துடுங்க" என்றாள்.

"காப்பி போடறேன், இரு" என்று என் மனைவி கைப்பிடிகளை ஊன்றினாள்.

"நீ எழுந்திருக்காதேம்மா. டிகாக்‌ஷன் எங்கே இருக்குன்னு மட்டும் சொல்லு."

பெட்டியை வைத்துவிட்டு மருமகன் வந்ததும், அவரும் மகளும் சமையலறைக்குப் போனார்கள். மருமகன் எதையோ கீழே போட்டார். மகள் அடிக்குரலில் அதட்டுவது கேட்டது. தெருவில் யாரோ சைக்கிளில் போனார்கள். கதவு விரியத் திறந்திருந்தது. எழுந்து சாத்தலாமா என்று நினைத்தேன்.

என் மனைவி கண்ணை மூடியிருந்தாள்.

"மாப்பிள்ளை உள்ள போயிட்டாரா?"

"அடுப்பங்கரையில இருக்கார்."

"அப்போ இன்னும் கொஞ்ச நேரம் இப்படியே இருக்கேன்" என்று சொல்லி, கால்களை மேலும் சற்று நீட்டிக்கொண்டாள்.